கண்ணீரளவு உப்பு

காலையில் லேப் கதவைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் அடித்தது. நேற்றுக் காலையிலேயே முட்டைகளை அதில் ஊறப் போட்டுவிட்டுப் போனவளே நான்தான். இருந்தும் அந்த நெடி பட்டவுடன் நீ உள்ளே இருக்கிறாய் என்று என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. "ஏட்டி, மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்காத. உன் செடி கொடி மட்டும் என்ன சந்தனமா மணக்கு?" என்று நீ கேட்பாய் அல்லவா, அதற்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. உனக்கு எதையும் முடித்துவிட்டுப் போகத் தெரியாது. வகுப்பையும் பாதியில் விட்டாய், என்னையும் பாதியில் விட்டாய். இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

விலங்கியலுக்கு இதுவரை ஆள் போடவில்லை. அதுவரைக்கும் உன் பதினோராம் வகுப்பையும் நான்தான் பார்க்க வேண்டுமாம். தாவரவியல்காரிக்கு எதற்கு இந்த வம்பு என்று தலைமையாசிரியையிடம் முறையிட்டுப் பார்த்தேன். "ரெண்டு பேரும் எப்பவும் ஒண்ணாத்தானே இருந்தீங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். பாடம் எது தெரியுமா? செல் சவ்வு. எனக்கென்ன, வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்து, மேலே ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டு ஒப்பேற்றியிருப்பேன். பிள்ளைகள் விட்டால்தானே? 'அந்த டீச்சர் முட்டை வைப்பாங்களாமே' என்று ஆரம்பித்துவிட்டார்கள். போன வருஷத்துப் பிள்ளைகள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆகவே முட்டை. ஓடு முழுக்கக் கரைந்து, மெல்லிய தோலோடு பாட்டிலுக்குள் கிடக்கிறது. விரலால் தொட்டால் நெளிகிறது. இதில் ஒன்றை வெறும் தண்ணீரில் போட்டால் பருக்கும். இன்னொன்றைச் சீனிப் பாகில் போட்டால் உள்ளே இருக்கிற தண்ணீரை எல்லாம் பாகுக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போகும். "இது செல் சவ்வு இல்லட்டி, முட்டைத் தோல். ஆனா யாரை உள்ள விடணும், யாரை வெளிய நிறுத்தணும்னு பாக்குத வேலையைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும்" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வாய். பிள்ளைகள் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்பதில் மட்டும் நீ ஒரு கண்டிப்புக்காரி.

பாகுக்காக நேற்று எதிர்வீட்டு அண்ணாச்சி கடையில் அரைக் கிலோ சீனி வாங்கினேன். "என்ன டீச்சர், உங்க வீட்டுக்குச் சீனியா? ஊருக்கு மழைதான்" என்று சிரித்தார். லேபுக்கு என்றேன். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "அந்த டீச்சரம்மா வைக்குத முட்டைக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வேகமாக வந்துவிட்டேன். சீனியைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தபோது என் கை தன்னாலேயே பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. நீ அன்றைக்கு அப்படித்தான் கொண்டுவந்தாய்.

அம்மா போனபிறகு எங்கள் வீட்டில் சீனி டப்பா கிடையாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். சர்க்கரை வியாதி அம்மாவின் கால் விரலை எடுத்தது, பிறகு காலை எடுத்தது, கடைசியில் சிறுநீரகத்தில் வந்து முடிந்தது. அதே வியாதி அப்பாவுக்கும் உண்டு. ரத்தக் கொதிப்பும் உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றே அப்பா சொல்லிவிட்டார்: "சீனிங்கிற சாமான் இனிமே இந்த நடையைத் தாண்டி உள்ள வரக் கூடாது." அன்றிலிருந்து யார் வந்தாலும் வெறும் கசப்புக் காப்பிதான். நீ ஒருத்திதான் முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுதும் குடிப்பாய். "இது காப்பியா, கஷாயமா மாமா?" என்று கேட்பாய். அப்பா சிரிப்பார். நான் சொன்னால் சிரிக்க மாட்டார். நீ சொன்னால் சிரிப்பார்.

ஊரே வெள்ளத்தில் மூழ்கிய அந்த மழையன்று முதல் பாடவேளையிலேயே பள்ளிக்கு லீவு விட்டுவிட்டார்கள். பேட்டையில் இருக்கும் உன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இடுப்பளவு தண்ணீர் என்றார்கள். "எங்க வீட்டுக்கு வா, கைலாசபுரம் பக்கத்துல, ஒரு எட்டுதானே" என்று உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன். ஆற்றங்கரைத் தெருவுக்கு உன்னைக் கூட்டிப்போன என் அறிவை என்னவென்று சொல்ல! உன் வீட்டுக்காரர் போனில் "அங்கனயே இரு, கிளம்பாத" என்றார். அதுதான் கடைசிப் போன். அதற்குப் பிறகு சிக்னலும் இல்லை, கரண்டும் இல்லை. நீ உன் பையை மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் ஆணியில் மாட்டினாய். அதற்குள் அன்றைய வகுப்புக்கு வாங்கிய சீனி இருந்தது. "லேப்ல வச்சா எறும்பு தூக்கிட்டுப் போயிரும்" என்று திரும்ப எடுத்து வந்திருந்தாய். அப்பா கண்ணில் படக் கூடாது என்று நீ சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் விடிந்தபோது ஆறு எங்கள் கூடத்துக்குள் இருந்தது. பாபநாசத்தில் அணை நிரம்பித் தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று எதிர் மாடியிலிருந்து அண்ணாச்சி கத்திச் சொன்னார். கையில் கிடைத்ததை எல்லாம் மாடி அறைக்கு ஏற்றினோம்: அடுப்பு, சிலிண்டர், அரிசி, உப்பு ஜாடி, அப்பாவின் மாத்திரைகள், அம்மாவின் படம். ஒரு பெரிய கரண்டியை எடுத்து வந்தோம். தேக்கரண்டி ஒன்றுகூட எடுக்கவில்லை. கட்டில் கீழேயே மூழ்கிவிட்டதால் அப்பாவைப் பாயில் படுக்க வைத்தோம். அதற்குள் அவருக்கு வயிறு போக ஆரம்பித்திருந்தது. முதல் நாள் குழாயில் வந்த தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வாந்தியும் சேர்ந்துகொண்டது. நான் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றித் தம்ளர் தம்ளராகக் கொடுத்தேன். குடித்ததெல்லாம் நிற்காமல் போனது. வெயிலே இல்லாத அந்த மத்தியானத்தில் அப்பாவின் கண்கள் உள்ளே போய்விட்டன. கெண்டைக்கால் சுருட்டி இழுக்கிறது என்று முனகினார். பிறகு முனகவும் இல்லை. நீ அவர் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாய். உடம்பில் தண்ணீர் வற்றியதால் கிள்ளிய இடம் மடிப்பாகவே நின்றது. அதைப் பார்த்த உன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"காலையில இருந்து என்னத்தட்டி குடுத்த?"

"வெந்நீர்தான்."

"வெறும் வெந்நீரா?"

"பிரஷர்னு உப்பு ஆகாது. சுகர்னு சீனி ஆகாது. வேற என்னத்தக் குடுக்க?"

"ஏட்டி, நீ பயாலஜிதானே படிச்ச? இல்ல சர்டிபிகேட்டை விலைக்கு வாங்குனியா?"

நீ அப்படிக் கேட்டதில் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்குத் தெரியாதா? குடல் செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது, உப்பு அதைத் துளைத்துக்கொண்டு போக முடியாது, அதற்கென்று புரதத்தில் கதவுகள் உண்டு என்று நானும்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பாடத்தில் இருக்கிற குடல் வேறு, அப்பாவின் குடல் வேறு என்று எனக்குள் ஏதோ ஒன்று நினைத்திருக்கிறது போல. அப்பாவின் குடலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பத்தியம்தான் தெரியும் என்று.

நீ நிறுத்தவில்லை. படபடவென்று பேசினாய். "கிருமி அந்த செல்லுக்குப் பொய்ச்சேதி சொல்லுது. கதவைத் திற, தண்ணியை வெளிய ஊத்துன்னு சொல்லுது. இந்தக் கூறுகெட்ட செல்லும் அதைக் கேட்டு ஊத்துது. அந்தக் கதவை நம்மளால சாத்த முடியாது. ஆனா இன்னொரு கதவு இருக்கு. அதுக்கு இந்தப் பொய் எட்டல. உப்பு தனியாப் போனா அது திறக்காது. சீனி தனியாப் போனாலும் திறக்காது. ரெண்டும் சேந்து வந்தாத்தான் திறக்கும். ரெண்டும் உள்ள போனா தண்ணி தன்னால பின்னாடி போவும். நீ வெறும் தண்ணியை ஊத்துனா அது எந்த வழியாட்டி போவும்? உள்ள இருக்க கொஞ்ச உப்பும் கரைஞ்சுதான் போவும்."

"சுகர் ஏறிட்டா?"

"ஏறட்டும். ஏறுனா ஆஸ்பத்திரியில இறக்கலாம். தண்ணி வத்துனா எங்கன போய் ஊத்துவ?"

சீனிக்கு எங்கே போவது? நீ பால்கனிக்கு ஓடி, "அண்ணாச்சி, சீனி இருக்கா சீனி?" என்று கத்தினாய். அவருடைய கடை அவர் காலுக்குக் கீழே முழுதும் மூழ்கியிருந்தது. "மூட்டை மூட்டையா இருந்துது டீச்சரம்மா. இப்ப ஆறுதான் இனிச்சுக்கிட்டுப் போவுது!" என்றார். அந்த மனுஷனுக்கு அந்த நேரத்திலும் வாய் குறையவில்லை. அப்போதுதான் உனக்குப் பை நினைவு வந்தது.

படித் திருப்பத்தில் தண்ணீர் ஆணிக்கு ஒரு சாண் கீழே சுழன்றுகொண்டிருந்தது. போகாதே என்று உன் முந்தானையைப் பிடித்தேன். "விடுட்டி" என்று தட்டிவிட்டு இறங்கினாய். கைப்பிடிச் சுவரை ஒரு கையால் பற்றிக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில், ஒவ்வொரு படியாகக் காலால் தடவிப் பார்த்துப் போனாய். கீழேயிருந்து எங்கள் வீட்டு நாற்காலி ஒன்று மிதந்து வந்து உன் தோளில் இடித்தது. நீ ஒரு முறை வழுக்கினாய். உன் தலை மட்டும் தெரிந்தது. நான் கத்தினேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. நீ மேலே ஏறி வந்தபோது பையை நெஞ்சோடு அணைத்திருந்தாய். பாலித்தீன் கவருக்குள் சீனி நனையாமல் இருந்தது.

அவசரத்தில் நீயும் தப்புச் செய்தாய். அதை நான் சொல்லியே தீருவேன், நல்லவள் வேஷம் உனக்குப் பொருந்தாது. சொம்புத் தண்ணீரில் கை நிறையச் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கி, சுதாரிப்பதற்குள் அப்பாவின் வாயில் ஊற்றிவிட்டாய். அரை மயக்கத்தில் ரெண்டு மடக்கு குடித்தவருக்கு உடனே வயிறு மறுபடியும் போனது, முன்னைவிட மோசமாக. நீ சொம்பில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாய். "அடப் பாவி, இது பாகு" என்று தலையில் அடித்துக்கொண்டாய். "முட்டையைச் சுருக்குத பாகு. உள்ள இருக்க தண்ணியையும்ல வெளிய இழுத்துரும்." காய்ச்சின தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது. அதைப் பார்க்காமல் சொம்பை அப்படியே ஜன்னல் வழியாகக் கவிழ்த்தாய்.

அந்த இனிப்பில் அப்பாவுக்கு விழிப்பு வந்துவிட்டது. நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். என்ன நடந்திருக்கிறது என்று புரிந்ததும் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "சீனியா? என் வாயில சீனியா?" என்றார். குரலே இல்லை, காற்றுதான் வந்தது. "உங்க அம்மையைத் தின்னது பத்தாதாட்டி?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டார். அது வீம்பு இல்லை, பயம். அம்மாவின் கால் புண்ணுக்குக் கட்டுப் பிரித்துக் கட்டியவர் அவர்தான். சீனி என்றால் அவருக்கு அந்தக் காலும் அந்த வாடையும்தான்.

நான் கெஞ்சினேன். தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. "எம்மா, நீ நல்ல பிள்ள. ஆனா அது மட்டும் வேண்டாம்" என்று உன்னிடம் சொன்னார். அதற்குமேல் பேசத் தெம்பில்லை. அப்பா என் கண் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார், நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது மட்டும்தான் தெரிந்தது.

நீ மட்டும் பேசாமல் மறுபடி கலக்க உட்கார்ந்தாய். இந்த முறை சீனியை மெல்ல அள்ளினாய், உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டாய். தேக்கரண்டி இல்லாததால் அளவு தெரியவில்லை. "கண்ணீரைவிட உப்பு கூடிறக் கூடாது. அதுதான் அளவு" என்றாய். என் பக்கம் திரும்பினாய். "அழுட்டி. ருசி பாக்கணும்."

நானா? அம்மா போனபோதே அழாதவள் நான். உன் வாயில் எனக்கு எத்தனை பட்டம்! 'அழுத்தக்காரி', 'உன் செடி செல்லுக்கு மாதிரி உனக்கும் சுத்திச் சுவர் இருக்கு' என்றெல்லாம் கேலி செய்வாய். ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்துபோனால்கூடக் கண் கலங்குகிறவள் நீ. அன்று என் கண் உலர்ந்த கல்லாக இருந்தது. "வரலட்டி, வர மாட்டேங்கு" என்றேன்.

அப்போது நீ கரண்டியால் கலக்கிக்கொண்டே, அப்பாவின் முதுகைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாய்.

"மாமா, எனக்கு ஒரு தம்பி இருந்தான். இவகிட்டகூட நான் சொன்னதில்ல. அவனுக்கு இப்படித்தான் வயித்தால போச்சு. வயித்தால போகும்போது தண்ணி குடுக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுப் பெரியவங்க சொன்னாங்க. குடிச்சா இன்னும் போவுமாம். அவன் தண்ணி தண்ணின்னு தவழ்ந்து தவழ்ந்து பானைக்கிட்ட வருவான். நான் அவனைவிடக் கொஞ்சம் பெரியவ. என்னையப் பானைக்குக் காவல் வச்சிருந்தாங்க. நான் நல்ல பிள்ள மாமா. சொன்னதைக் கேக்குத பிள்ள. ஒரு சொட்டு குடுக்கல."

கலக்குகிற சத்தம் நின்றது.

உன் கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது. நீ அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாய். பிறகு கரண்டியிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் விட்டுக்கொண்டாய். யோசித்தாய். சொம்பில் ஒரு மடக்குத் தண்ணீர் சேர்த்தாய். கன்னத்தை இன்னொரு முறை தொட்டு, இன்னொரு முறை ருசி பார்த்தாய். "சரி, இப்ப சரி" என்றாய், அடுப்பில் சாம்பாருக்கு உப்புப் பார்க்கிறவள் போல.

அப்பா எப்போது இந்தப் பக்கம் திரும்பினார் என்று நான் கவனிக்கவில்லை. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. கையை ஊன்றி எழப் பார்த்தார், முடியவில்லை. படுத்தபடியே வாயைத் திறந்தார்.

"கொண்டா எம்மா" என்றார்.

"பைய மாமா, பைய. ஒரு வாய்தான். இருங்க. இப்ப இன்னொரு வாய்." நீ அவர் தலையை உன் மடியில் வைத்துக்கொண்டு கொடுத்தாய். ஒரு முறை வாந்தி எடுத்தார். நான் எல்லாம் போச்சு என்று எழுந்துவிட்டேன். "உக்காரு. கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் குடுப்போம்" என்று அதட்டினாய். திரும்பக் கொடுத்தாய். நான் அடுப்பைப் பற்றவைத்து அடுத்த சொம்புக்குத் தண்ணீர் காய்ச்சினேன். சுகர் பார்க்கிற மிஷினில் அப்பாவின் விரலைக் குத்திப் பார்த்தோம், ஏறித்தான் இருந்தது. அப்பா தலையைத் தூக்கி, பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளை மாதிரி "எவ்வளவு?" என்றார். "பாஸ் மாமா" என்று சொல்லி மிஷினை மடியில் ஒளித்துக்கொண்டாய். நீ நினைத்தது தப்பாக இருந்தால் என்று ஒரு குரல் எனக்குள் ஓயவே இல்லை. நீ பிடித்திருந்த சொம்பின் விளிம்பும் அப்பாவின் பல்லில் டக் டக்கென்று பட்டது.

பிற்பகல் சரியத் தொடங்கியபோது அப்பா என்னைக் கூப்பிட்டார். சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டே, "ஒண்ணுக்குப் போகணும்ட்டி" என்றார். விடிந்ததிலிருந்து போகாத மனுஷன். மாடிக் குளியலறைக்குத் தாங்கிக் கூட்டிப்போனேன். பிளாஸ்டிக் வாளியில் சத்தம் கேட்டதும் வெளியே நீ கையைத் தட்டினாய். "அல்லாவே, போயிட்டாரு, மாமா ஒண்ணுக்குப் போயிட்டாரு!" என்று எதிர் மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினாய். உள்ளே அப்பா, "மானத்தை வாங்குதாளே இந்தப் பிள்ள" என்று சிரித்தார். சிரித்தார்! எந்தக் கச்சேரியிலும் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

இருட்டுவதற்கு முன்னால் படகு வந்தது. "ஏலே, கயித்தைப் பிடி லே, சுவத்துல இடிச்சிராத!" என்று அண்ணாச்சி எதிர் மாடியில் நின்று படகுக்காரரை ஏவிக்கொண்டிருந்தார். அப்பாவைப் பாயோடு இறக்கினோம். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றின டாக்டரிடம் நான் நடந்ததைச் சொன்னேன். சுகரைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம், இந்தத் தண்ணீரைக் கொடுத்திருக்காவிட்டால் சிறுநீரகம் நின்றுபோயிருக்கும் என்றார். நீ அதைக் கேட்க அங்கே இல்லை. கீழே மருந்துக்கடை வாசலில் யாரிடமோ போனை இரவல் வாங்கி உன் வீட்டுக்காரரோடு பேசி அழுதுகொண்டிருந்தாய்.

அதற்கப்புறம் அப்பா உனக்குக் காப்பி கொடுத்த கதை உனக்கே தெரியும். அடுத்த முறை நீ வந்தபோது காப்பியில் சீனி இருந்தது. உனக்காக மட்டும் அண்ணாச்சி கடையில் ஒரு சின்னப் பொட்டலம் வாங்கி, தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். "சீனி சட்டைப்பையில இருந்தா வீட்டுக்குள்ள வந்த கணக்கு இல்ல" என்று ஒரு நியாயம் வேறு பேசினார்.

பிறகு நீ படுக்கையில் விழுந்தாய். உன் நோயைப் பற்றி உன்னிடமே கேட்கப் பயந்துகொண்டு உன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்திருந்த நாள் நினைவிருக்கிறது. நீயேதான் ஆரம்பித்தாய். "ஒரு செல்லுன்னா பக்கத்துல இருக்க செல்லு சொல்லுததைக் கேக்கணும்ட்டி. இடம் போதும், நிறுத்துன்னு சொன்னா நிறுத்தணும். என் உடம்புல ஒண்ணுக்குக் காது போயிருச்சு. அது பாட்டுக்குப் பெருகுது" என்றாய். பாடம் நடத்துகிற குரலிலேயே சொன்னாய். சொல்லிவிட்டு நீ அழுதாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். பேட்டையில் உன் வீட்டில், பெண்களுக்கு நடுவில், உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறவரை உட்கார்ந்திருந்தேன். அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. உன் நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் கட்டை மாதிரி நின்றேன். நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாய்.

இன்றைக்கு உன் வகுப்பை எடுத்தேன். முட்டையைத் தூக்கிக் காட்டினேன். நீ சொல்வதுபோலவே, இது செல் சவ்வு இல்லை, முட்டைத் தோல் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சவ்வு என்பது சும்மா ஒரு வேலி இல்லை, அதில் கதவும் உண்டு, காதும் உண்டு என்றேன். இன்சுலின் வந்து வெளியே நின்று தட்டும், அந்தத் தட்டல் கேட்டால்தான் தசை செல் சீனிக்குக் கதவை மேலே கொண்டுவரும், எங்கள் அப்பாவின் செல்களுக்குக் கொஞ்சம் காது மந்தம் என்றதும் சிரித்தார்கள். குடல் செல்லில் உப்பும் சீனியும் சேர்ந்து வந்தால் மட்டும் திறக்கிற கதவைப் படம் போட்டேன். அதற்கு இன்சுலினின் தயவு வேண்டாம் என்றும் சொன்னேன். படம் உன்னுடையதைப் போல அழகாக வரவில்லை.

பிறகு பாடத்தில் இல்லாத ஒன்றைச் செய்தேன். லேப் கண்ணாடிப் பாத்திரத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று நீ அடித்துக்கொள்வாயே, அதனால் வீட்டிலிருந்து சொம்பு கொண்டுபோயிருந்தேன். காய்ச்சி ஆறின தண்ணீரில் சீனியும் உப்பும் போட்டுக் கலக்கிக் காட்டினேன். ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, தட்டையாக, குவித்து அல்ல, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கும் இந்த நிலைமையில் இது வேண்டும், கொடுத்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள் என்றேன். பேட்டையிலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி எழுந்து, "தேக்கரண்டி இல்லன்னா என்ன டீச்சர் செய்ய?" என்று கேட்டாள்.

"கண்ணீரைவிட உப்பு கூடக் கூடாது. அதுதான் அளவு."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவள் உட்காரவில்லை. "அழ வராதவங்க என்ன டீச்சர் செய்யுவாங்க?"

"பக்கத்துல அழுதவகிட்ட கேட்டு வாங்கிக்கணும்" என்றேன்.

சொல்லி முடித்ததும் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? கன்னத்தைத் தொட்டு நாக்கில் வைத்தேன். பிறகு சொம்புத் தண்ணீரில் ஒரு சொட்டு. சரியாக இருந்தது. இன்று யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை.